அம்மாவுக்கு ஒரு டீ மூலை

பெரியவன் திரும்பி வந்து இன்றோடு ஆறு நாள்.

இரண்டு வருஷமாக ஒரு போன் கிடையாது. இருக்கிறாயா செத்தாயா என்று ஒரு வார்த்தை கிடையாது. திங்கட்கிழமை திடீரென்று வாசலில் வேனை நிறுத்திவிட்டு, "அம்மா, உனக்கு ஒரு டீ மூலை பண்ணித் தரப்போறேன்" என்று வந்து நின்றான். அம்மா அடுப்பை அணைக்கக்கூட மறந்து ஓடிப்போய் அவன் கன்னத்தைத் தடவினாள்.

தங்கைக்காரி, அதாவது நம் சின்னவள், "எதுக்கு அண்ணா திடீர்னு இவ்வளவு பாசம்?" என்று கேட்டுவிட்டாள். கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு அவன் மேல எப்பவுமே பொறாமைடி. ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காது."

அந்த வார்த்தை ஆறு நாளாகச் சின்னவளின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இனி அண்ணனைப் பற்றி அம்மாவிடம் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் போட்டுக்கொண்டாள். ரோஷக்காரிதான். ரோஷம் சில நேரம் நல்லதுக்கு, சில நேரம் குடியைக் கெடுக்க.

சின்னவளுக்குத் தொழில் ஒரு லேபில் பல் செட் செய்வது. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் எச்சில் இருக்கும், ரத்தம் இருக்கும், நேற்றுத் தின்றதன் துணுக்கு இருக்கும். அவள் பாட்டுக்குக் கழுவி, பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, ரோஸ் நிற அக்ரிலிக்கைக் குழைத்து ஈறு செய்து பல்லைப் பதித்துவிட்டு, அதே மேஜையில் டப்பாவைத் திறந்து மதியச் சாப்பாடும் சாப்பிடுவாள். "உனக்கு அருவருப்புங்கிற நரம்பையே கடவுள் வைக்கலையா?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்பாள்.

வைத்திருக்கிறார் என்பது சனிக்கிழமையான இன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தவளுக்கு முதலில் வாசனைதான் தட்டுப்பட்டது. சமையல் வாசனை இல்லை. அடுப்பில் ஒரு சட்டியில் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன.

"இது என்னம்மா கஷாயம்?"

"தெரியலைடி. பெரியவன்தான் வச்சான். எடுக்காதே, அணைக்காதேன்னான். வீடு முழுக்க மணக்கணுமாம்." அம்மாவின் முகம் பளபளவென்று இருந்தது. "அதை விடு. முதல்ல கூடத்துக்கு வா. வந்து பாரு."

கூடத்தைப் பார்த்ததும் சின்னவள் செருப்பைக் கழற்ற மறந்தாள்.

ஜன்னலோரம் இருந்த பழைய பீரோவைக் காணோம். துணி மடிக்கும் கட்டிலைக் காணோம். அந்த இடத்தில் இரண்டு பிரம்பு நாற்காலிகள், நடுவில் ஒரு வட்ட மேஜை, அதன்மேல் பின்னல் விரிப்பு. ஒரு குட்டி விளக்கில் மஞ்சள் பல்பு. ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை. பக்கவாட்டில் ஓதம் ஏறிக் காரை பெயர்ந்து கிடக்குமே ஒரு சுவர், அதை மறைத்து ஒரு மடக்குத் தட்டி, அதில் கொடி படர்ந்திருந்தது. மேஜைமேல் ட்ரேயில் நீலப் பூப்போட்ட டீ ஜாடி, இரண்டு கப்பு, இரண்டு சாசர். கப்பில் விளிம்புவரை டீ.

சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததுதான் சின்னவளுக்கு முதல் எரிச்சல்.

பெரியவன் நாற்காலியை ஒரு விரற்கடை நகர்த்தி, தள்ளி நின்று பார்த்து, மறுபடி நகர்த்திக்கொண்டிருந்தான். வீடு விற்கும் தரகர்களுக்காக, விலைக்கு வரும் வீடுகளை ஜோடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. தொழில் தெரிந்தவன். பேச்சு அதைவிடத் தெரியும்.

"டீ குடிக்கிற இடம்னா வெளிச்சம் பக்கத்துல இருந்து வரணும் பல்லு. மூஞ்சியில அடிக்கக்கூடாது." தங்கையை அவன் கூப்பிடுவது 'பல்லு' என்றுதான். "எதிர்ல சுவர் வரக்கூடாது, கண்ணு போய் முட்டும். கை நீட்டினா மேஜை எட்டணும், ஆனா முட்டி இடிக்கக்கூடாது. நாற்காலி ரெண்டும் நேருக்கு நேரா இருந்தா ஆபீஸ் மாதிரி ஆயிடும். கொஞ்சம் சாய்ச்சுப் போட்டா, உட்கார்ந்தவங்களுக்குப் பேசணும்னு தோணும்."

"கேட்டியா?" என்றாள் அம்மா. "எவ்வளவு யோசிச்சிருக்கான் பாரு எனக்காக."

அம்மா முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். தெருவில் இன்றும் நர்ஸம்மா என்றுதான் பெயர். அந்த முப்பத்தொரு வருஷமும் டீ என்பது அவளுக்கு நின்றுகொண்டே வாயில் கவிழ்ப்பது. பாதியில் மணி அடிக்கும், ஓடுவாள், திரும்பி வரும்போது ஆடை படிந்து கிடக்கும். ரிடையர் ஆன அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஒரு டம்ளர் சூடான டீயை உட்கார்ந்து, முழுசாக, யாரும் கூப்பிடாமல் குடிக்க வேண்டும். கேட்டு ஏழு வருஷம் ஆகிறது.

"உட்கார்ந்து பார்த்தியாம்மா?" என்றாள் சின்னவள்.

"இல்லைடி. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் உட்காரணுமாம். அவன் ஆபீஸ்காரங்க வந்து அவன் வேலையைப் பார்க்கப் போறாங்களாம். அதுவரைக்கும் கையே வைக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்." சொல்லிவிட்டுக் குழந்தைபோலச் சிரித்தாள். "நான் குளிச்சிட்டு வரேன். நீ எனக்குப் புடவை மடிப்பு வச்சு விடணும், சரியா?"

அம்மா பின்பக்கம் போனாள். சின்னவள் மேஜைப் பக்கம் குனிந்தாள். வேறு யார் குனிந்திருந்தாலும் மணம் மணம் என்று பட்டைக்கும் ஆரஞ்சுக்கும் மயங்கியிருப்பார்கள். அவள் மூக்குக்கு அடியில் வேறொன்று வந்தது. சுரீரென்று மூக்கைப் பிடிக்கும் ஒரு நெடி. தினம் எட்டு மணி நேரம் முகர்கிற நெடி, அவளுக்குத் தெரியாதா?

கப்புக்குள் விரல் நகத்தால் தட்டினாள். டொக் என்றது.

டீ இல்லை. டீ நிறத்தில் குழைத்து ஊற்றி இறுக வைத்த அக்ரிலிக். ஓரத்தில் நுரைகூடச் செய்து வைத்திருந்தான் பாவி.

கப்பைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. கப்பு சாசரோடும், சாசர் ட்ரேயோடும், ஜாடியின் மூடி ஜாடியோடும் பசை போட்டு ஒட்டியிருந்தன. தட்டியில் படர்ந்த கொடியைத் தொட்டாள். துணி இலை. முன்பு போன வீடுகளில் ஒட்டிய தூசியோடு பிசுபிசுத்தது.

"தொடாதேன்னு சொன்னேன்ல," என்றான் பெரியவன்.

"என்ன அண்ணா இது?"

"செட்டு. வேன்ல போகும்போது ஆடக்கூடாதுன்னு ஒட்டி வச்சிருக்கேன்."

"வேன்ல எங்க போகும்போது? இது அம்மாவுக்குன்னு சொன்னியே?"

அவன் பின்பக்கத்துக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். பிறகு குரலைத் தணித்தான்.

"நாலு மணிக்கு வீடு பார்க்க வராங்க பல்லு."

"எந்த வீடு?"

"இந்த வீடுதான். கத்தாதே."

சின்னவள் தட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

அவன் தேன் ஒழுகப் பேசிக்கொண்டே போனான். இந்தப் பழைய வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஓதம், ஒழுகல், அம்மாவுக்கும் வயசாச்சு. எல்லாம் அம்மா நல்லதுக்குத்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், அந்தக் கதை.

"வித்துட்டு அம்மா எங்க போவா?"

"என் வீட்டுல பின்னாடி ஒரு ரூம் இருக்கு."

"அது வாஷிங் மெஷின் இருக்கிற ரூம்."

"மெஷினைக் கொஞ்சம் ஓரமா தள்ளிக்கலாம். நீயும் சின்னப்பிள்ளை இல்லை, ஏதாவது ஹாஸ்டல் பார்த்துக்க." கட்டினவனோடு ஒத்துவராமல் மூன்று வருஷமாக அம்மாவோடு இருப்பவளைப் பார்த்து இதை அவன் சாதாரணமாகச் சொன்னான். "வீடு அம்மா பேர்ல. அம்மா கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். பேப்பர் வேன்ல ரெடியா இருக்கு. வரவங்களுக்குப் பிடிச்சிருச்சுன்னா, அவங்க போனதும் அம்மாவை இங்க உட்கார வச்சு மெதுவாப் பேசி வாங்கிடுவேன்."

"அம்மாவை எதுக்கு அவங்க முன்னாடி உட்கார வைக்கறே?"

இந்தக் கேள்விக்கு அவன் முகத்தில் ஒரு தொழில் பெருமை வந்தது பாருங்கள், அதைத்தான் சின்னவளால் கடைசிவரை மறக்க முடியவில்லை.

"அதுதான் டெக்னிக். நல்ல புடவை கட்டின வயசான அம்மா ஜன்னலோரம் டீயோட உட்கார்ந்திருந்தா, பார்க்கறவங்களுக்கு அவங்கவங்க அம்மா ஞாபகம் வரும். மனசு இளகிடும். சுவத்துல ஓதம் இருக்கா, பைப்பு ஒழுகுதான்னு பார்க்கத் தோணாது. வேற வீடுகளுக்கு இதுக்கு ஆள் கூட்டிட்டு வருவேன். இங்க அம்மாவே இருக்காளே."

சின்னவளின் அடிவயிற்றிலிருந்து புளிப்பாக ஏதோ ஏறி வந்தது. முன்பின் தெரியாதவர்களின் எச்சிலைக் கழுவும்போது வராத குமட்டல். வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். குளியலறையில் அம்மா இருந்ததால், அதை ஒட்டிய கழுவுமிடத்தில் குனிந்தாள்.

குனிந்த இடத்தில் ஒரு துணி துவைக்கும் தொட்டி. கூடத்திலிருந்து அப்புறப்படுத்தியதையெல்லாம் அதில் அடைத்திருந்தான். அம்மாவின் மருந்து டப்பா, முட்டி வலித் தைலம், மூக்குக்கண்ணாடிக் கூடு, மிதியடி. மிதியடிக்குக் கீழே, கண்ணாடி சட்டத்துக்குள், அப்பா.

சின்னவள் படத்தை வெளியே இழுத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். அப்பாவின் நெற்றியில் மிதியடி மண். துடைக்கத் துடைக்கக் கண்ணாடியின் கீறலுக்குள் போய்ப் படிந்தது.

"செத்தவங்க படம் மாட்டின வீடு சட்டுனு போகாது," என்று பின்னால் வந்து நின்றான் பெரியவன். "தொழில்ல இது பாலபாடம். அப்பா இருந்தா அவரே புரிஞ்சிருப்பாரு."

"சீ," என்றாள் சின்னவள். "இப்பவே அம்மாகிட்டச் சொல்றேன்."

"போ. சொல்லு." அவன் வழியைக்கூட மறிக்கவில்லை. "நம்புவாளா உன்னை? அப்படியே நம்பினாலும் அந்த மூஞ்சியைப் பார்த்தியா நீ? ஆறு நாளா எப்படிச் சிரிக்கிறா? அந்தச் சிரிப்பை நீதான் அணைச்சேன்னு இருக்கணுமா? நாலு மணி வரைக்கும் விடு. அப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

குளியலறைக் கதவு திறந்தது. அம்மா ஈரத்தலையோடு வெளியே வந்தாள்.

"என்னடி முகம் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சின்னவள் வாயைத் திறந்தாள். 'உனக்கு எப்பவுமே பொறாமைடி' என்ற குரல் உள்ளே கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லைம்மா. லேப்ல ஒரே நெடி."

அப்பா படத்தைக் கொண்டுபோய் அம்மாவின் அறைச் சுவரில் மாட்டினாள். அம்மாவுக்குத் தலை வாரினாள், பின்னல் போட்டாள். கட்டாமல் பெட்டியிலேயே கிடந்த இளம்பச்சைப் புடவையை எடுத்து, தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பாக நீவி விட்டாள். அம்மா கண்ணாடி முன்னால் நின்று, "ரொம்பப் பளிச்சுன்னு இருக்கோ?" என்று கேட்டாள். "இல்லைம்மா, நல்லா இருக்கு" என்றாள். குமட்டல் நிற்கவேயில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குமட்டலுக்கு அடியில் ஒரு ஓரத்தில் ஒரு குறுகுறுப்பும் இருந்தது. நான் எதற்குச் சொல்ல வேண்டும்? நாலு மணிக்கு அவனே மாட்டிக்கொள்ளட்டும். நான் பொறாமைக்காரியா இல்லையா என்று அம்மா தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். இதை அவள் தனக்குள்ளே உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை. புடவை மடிப்பில் ஊசியைக் குத்தும்போது சும்மா வந்து போனது.

மூன்றே முக்காலுக்குப் பெரியவன், "டீயை இப்பத்தான் சுடச்சுட மாத்தி ஊத்தினேம்மா" என்று சொல்லி அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தான்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பும்மா. இடது கையைச் சாசர் பக்கத்துல வை. கண்ணாடியைக் கழட்டிடு, வெளிச்சம் பட்டு மின்னுது."

"கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாதேடா."

"தெரிய வேண்டாம்மா. சும்மா அப்படியே பாரு. அவங்க வந்ததும் நீ எதையும் எடுக்க வேண்டாம், எழுந்திருக்க வேண்டாம். சிரிச்சா போதும்."

அம்மா சிரித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க நிறுத்திய பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். சின்னவள் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அங்கே நின்றால் கூடத்தில் எல்லார் முகமும் தெரியும்.

சரியாக நாலு மணிக்கு வந்தார்கள். குள்ளமாக, தொந்தியும் தொழில்காரக் களையுமாக ஒருவர். கூட அவர் மனைவி, கழுத்து நிறைய நகை, கையில் போன்.

"அட, எவ்வளவு அழகா இருக்கு," என்றாள் அந்த அம்மாள் உள்ளே நுழைந்ததும். நேராக வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "இந்த மாதிரி ஒரு இடம்தாங்க நான் சொல்லிட்டே இருக்கேன். சாயங்காலம் வந்து உட்கார்ந்து ஒரு டீ. வீடே மணக்குது."

"அம்மாவுக்கு இந்த இடம்னா உயிரு," என்றான் பெரியவன். "தினம் இங்கதான் டீ."

பொய்யைத் துடைத்து வைத்த தட்டில் வைத்துக் கொடுத்தான்.

வந்தவர் கூரையைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார், கை மடக்கிச் சுவரைத் தட்டினார். தட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. பெரியவன் சொன்ன டெக்னிக் வேலை செய்தது. அவர் மனைவி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டியைப் பார்த்தா எங்க அம்மா மாதிரியே இருக்கு. ஆன்ட்டியையும் வீட்டோட சேர்த்துக் குடுத்துடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

பெரியவனும் சிரித்தான். "அதுக்குத் தனியாப் பேசிக்கலாம் மேடம்."

பெற்ற பிள்ளை சிரித்த சிரிப்பு அது. சின்னவள் நிலைப்படியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு அந்தப் பேச்சின் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆபீஸ்காரர்கள் ஏதோ தமாஷ் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் எதிரில் ஒருத்தி வந்து உட்கார்ந்து இவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு வாய் டீ கொடுக்காமல் எப்படி இருப்பாள்? பெரியவன் சொன்னது மறந்துவிட்டது. மறக்காவிட்டாலும் அவளால் முடிந்திருக்காது.

"ஆறிப்போகுது, எடுத்துக்கோங்கம்மா," என்று எதிர்க் கப்பைத் தூக்கி நீட்டினாள்.

கப்பு வந்தது. கப்போடு சாசர் வந்தது. சாசரோடு ட்ரே, ஜாடி, இன்னொரு கப்பு எல்லாம் மொத்தமாக எழும்பி அம்மாவின் கையில் சாய்ந்து நின்றன. விளிம்புவரை நிறைந்த டீ ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

வந்தவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஆன்ட்டி, அது டம்மி. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் வைக்கறாங்க. நேத்து பார்த்த வீட்டுல கேக்கு வச்சிருந்தாங்க, அதுவும் டம்மி."

அம்மா ட்ரேயை மெல்லக் கீழே வைத்தாள். மடியில் வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கப்புக்குள் பார்த்தாள். விரலை வைத்து அழுத்தினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"பார்த்த வீடுன்னா?" என்று கேட்டாள்.

"விலைக்குப் பார்த்ததும்மா," என்றார் வந்தவர், மாடிப்படியிலிருந்து இறங்கிக்கொண்டே. "சரி தம்பி, எங்களுக்குப் பிடிச்சிருக்கு. எப்போ காலி பண்ணிக் குடுப்பீங்க?"

பெரியவன் அம்மாவைப் பார்க்காமல், "ஒரு மாசத்துல முடிச்சிடலாம் சார்" என்றான்.

வெடிக்கப்போகிறாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அம்மா வெடிக்கவில்லை. மூக்கின் நுனி மட்டும் சிவந்தது. எழுந்தாள், புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். வார்டுக்குள் நுழையும்போது அவள் செருகுவது அப்படித்தான்.

"வாங்க, வீட்டை நான் காட்டறேன்," என்றாள். "அவனுக்குச் சரியாத் தெரியாது. ரெண்டு வருஷமா இங்க இல்லை."

மடக்குத் தட்டியை ஒரே இழுப்பாக இழுத்து மடக்கினாள். துணிக் கொடி பொத்தென்று விழுந்தது. பின்னால் சுவர், தோல் உரிந்த மாதிரி, கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

"இது ஓதம். பதினோரு வருஷமா இருக்கு. அஸ்திவாரத்துல இருந்து ஏறுது, பூசினா நிக்காது." நோயாளியின் படுக்கைக்கு முன்னால் நின்று டாக்டருக்கு விவரம் சொல்லும் அதே குரல். "வாங்க, மாடிக்கு அடியில பாருங்க. மழை பெஞ்சா இந்த மூலையில ரெண்டு பக்கெட் வைக்கணும். கழுவற இடத்துப் பைப்பு உள்ளுக்குள்ள ஒழுகுது. ராத்திரி காது வச்சா கேக்கும். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை, பார்த்துக்கோங்க."

வந்தவரின் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "ஐயே, எப்படிங்க இதுல இருக்கீங்க?"

"இது எங்க வீடும்மா, அதனால இருக்கோம்," என்றாள் அம்மா.

வந்தவர் பெரியவனைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. "பேசிட்டுச் சொல்றோம்" என்று வாசலைப் பார்த்து நடந்தார். பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெரியவனுக்குத் தெரியும். அவர்கள் கார் கிளம்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தான். முகம் கறுத்திருந்தது.

"ஒரே நிமிஷத்துல கெடுத்திட்டியேம்மா. உனக்காகத்தானே எல்லாம் பண்ணேன்."

அம்மா குனிந்து, விழுந்து கிடந்த துணிக் கொடியை ஓரமாகத் தள்ளினாள்.

சின்னவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஆறு நாள் அடைத்து வைத்தது மடை உடைத்துக்கொண்டது.

"உனக்காகவா? கேட்டியாம்மா இவன் சொல்றதை? நான் அன்னைக்கே கேட்டேனே, எதுக்குத் திடீர்ப் பாசம்னு. நீதான் பொறாமைன்னு சொன்னே. இப்பப் பார்த்தியா? மெஷின் ரூம்ல உன்னைப் படுக்க வைக்கப் போறானாம். கையெழுத்துப் பேப்பர் வேன்லயே இருக்காம். அப்பா படத்தைத் தொட்டியில மிதியடிக்குக் கீழே போட்டிருந்தான்மா. மதியம் நான்தான் எடுத்துத் துடைச்சு மாட்டினேன். அந்தக் கப்புல இருக்கறது அக்ரிலிக்னு வந்ததுமே கண்டுபிடிச்சிட்டேன், என் மூக்கை ஏமாத்த முடியுமா?"

மூச்சு வாங்கியது. நியாயம் தன் பக்கம் இருப்பவர்களுக்கு வரும் ஒரு சூடு அவள் காது மடல்வரை ஏறியிருந்தது. அம்மா இப்போது தன்னைக் கட்டிக்கொள்வாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

அம்மா மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள்.

"மதியமா?"

சின்னவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

"மதியமே தெரியுமா உனக்கு?"

"ஆமாம்மா, வந்ததும்…"

"தெரிஞ்சுதான் எனக்குத் தலை வாரினியா?"

"அம்மா, நான் சொன்னா நீ நம்பமாட்டேன்னு…"

"மடிப்பு வச்சு விட்டியே. முட்டி போட்டு உட்கார்ந்து. நல்லா இருக்கும்மான்னு சொன்னியே." அம்மாவின் குரல் உயரவேயில்லை. "சொன்னா நம்பறேன், நம்பாம போறேன், அது என் பாடு. நீ அங்க நிலைப்படியில நின்னுட்டு என்னடி பண்ணிட்டிருந்தே?"

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"வேடிக்கை பார்த்துட்டிருந்தே," என்றாள் அம்மா.

பெரியவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். "அதைத்தாம்மா நானும் சொல்றேன், இவ எப்பவும்…"

"நீ பேசாதே. வேனுக்குப் போய் அந்தப் பேப்பரை எடுத்துட்டு வா."

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு ஓடினான். ஓடிப்போன வேகத்தில் திரும்பி வந்தான். அம்மா காகிதக் கட்டை வாங்கிக்கொண்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, வேண்டாம்மா," என்றாள் சின்னவள். "கோவத்துல எதுவும் பண்ணாதே. இவன் உன்னைக் காட்சிக்கு உட்கார வச்சவன்மா."

"ஆமா. தெரியுது. எனக்கே அருவருப்பாத்தான் இருக்கு, பெத்த வயிறு என்னோடதுங்கறதால இன்னும் அதிகமா இருக்கு." அம்மா தன் அறை வாசலில் நின்றாள். ஜன்னலோரத்து நாற்காலிகளைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். "மூணு வருஷமா நீயும் நானும் ஒண்ணா இருக்கோம். இந்த ஜன்னல் மூணு வருஷமும் இங்கதான் இருந்துச்சு. அவன் விக்கறதுக்காக எனக்கு ஒரு நாற்காலி போட்டான். நீ அதுக்குக்கூடப் போடலை."

"கையெழுத்துப் போடறதா, கிழிச்சுப் போடறதான்னு நானே படிச்சுப் பார்த்துக்கறேன்," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அண்ணனும் தங்கையும் கூடத்தில் நின்றார்கள். சமையலறையில் சட்டியின் தண்ணீர் வற்றி, ஆரஞ்சுத் தோல் கருகும் வாடை வந்தது. இருவரில் யாரும் போய் அணைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் காகிதம் புரளும் சத்தம் ஒருமுறை கேட்டது, இன்னொரு முறை கேட்டது, பிறகு நின்றுவிட்டது.